கூட்டாமலும் குறைக்காமலும்

1

விதி எட்டு: பிறருக்காக மொழிபெயர்த்து உதவ முன்வருகிறவர், சொல்லப்பட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும்.

நியூசிலாந்தில் நான் இருக்கும் ஊரின் சமூகக் கூடத்தில், வாசலை ஒட்டிய சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பதினொரு விதிகளில் இது ஒன்று. மற்ற பத்தும் நாற்காலியை மடித்து வைப்பது, தேநீர்க் கோப்பையைக் கழுவுவது, வண்டியை எங்கே நிறுத்துவது என்பவை. அந்தக் கூடத்துக்கு வருகிறவர்களில் பதினொன்றையும் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும். முதல் நாளே, வகுப்பு தொடங்க நேரம் இருந்ததால், நின்றபடி படித்து முடித்தேன். ஆறாவது விதியும் பத்தாவது விதியும் ஒன்றோடொன்று முரண்படுவதைக்கூடக் குறித்துக்கொண்டேன். ஆகையால் விதி தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் வாதாட முடியாது.

நம் ஓய்வூதியர் சங்க ஆண்டு மலருக்குச் செயலாளர் என்னிடம் கேட்டது வேறு. "வெளிநாட்டு வாழ்வில் தியானத்தின் பயன்கள்", இரண்டு பக்கத்துக்கு மிகாமல். நான் மகள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் நிறைந்ததையும், வியாழக்கிழமை தோறும் தியான வகுப்புக்குப் போவதையும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். நம் அலுவலகத்தில் சண்முகக்கனி என்கிற என் மேசைக்குப் போன கோப்பு எத்தனை வெட்டோடு திரும்பி வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

பயன்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த வகுப்பில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுத வருகிறது. இரண்டு பக்கத்துக்கு மிகும். மிகுந்ததை வெட்டுவதென்றால் செயலாளர் வெட்டிக்கொள்ளட்டும். வெட்டுகிற வேலையை நான் விட்டுவிட்டேன். ஏன் என்பதுதான் விஷயம்.

2

வகுப்புக்கு நானாகப் போகவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு வேறுவேறு நிற மூடி போட்ட குப்பைத் தொட்டிகள் உண்டு. எந்த வாரம் எதை எடுப்பார்கள் என்ற அட்டவணையில் இருந்த குளறுபடியைச் சுட்டி நகர மன்றத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். எட்டுக்குப் பதில் வந்தது. ஒன்பதாவதுக்குப் பதிலாக என் மகள் கவிதாவுக்குத் தொலைபேசி வந்தது. அப்பா நலமாக இருக்கிறாரா என்று கனிவாக விசாரித்தார்களாம். அவள் என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். ரத்த அழுத்தம் கூடியிருந்தது. மாத்திரையோடு தியானத்தையும் எழுதிக் கொடுத்தார் மருத்துவர்.

வகுப்பு நடத்துகிறவர் ஜூடித் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் சொல்லித் தருவது எளிது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். நினைப்பு ஏதாவது வரும். வந்தது என்று தெரிந்துகொண்டால் போதும். நல்லது, கெட்டது, சரி, தப்பு என்று அதன்மேல் எதுவும் சொல்லக் கூடாது. மறுபடி மூச்சுக்குத் திரும்ப வேண்டும். நினைப்புகளைப் படகுகள் என்று எண்ணிக்கொண்டு, போகிறதைப் போக விடுங்கள் என்பார். தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் இருந்தவனிடம் சொல்கிற உதாரணமா இது? ஒரு தோணி கரையை விட்டுக் கிளம்ப எத்தனை தாளில் எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதாமல் ஒன்றையும் நான் போக விட்டதில்லை.

ஆகவே கண்ணை மூடியதும் எனக்குள் அலுவலகம் திறந்துவிடும். முழங்கால் வலிக்கிறது: குறித்துக்கொள்ளப்பட்டது. பக்கத்து அம்மாள் சத்தமாக மூச்சு விடுகிறார்: தவிர்க்கப்பட வேண்டியது. தரைவிரிப்பில் ஒரு கறை: யார் பொறுப்பு? ஐந்து வாரம் கழித்து இதை ஜூடித்திடம் சொன்னேன். அவர் சிரித்து, தீர்ப்புச் சொல்கிறோம் என்பதையும் ஒரு நினைப்பாகக் கவனியுங்கள், அதற்கும் தீர்ப்பு வேண்டாம் என்றார். மேல்முறையீட்டுக்கு வழியில்லாத உத்தரவு. மரியாதை வந்துவிட்டது எனக்கு.

3

மூன்றாவது மாதம் மிக்கேல் வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டியவர். கறுத்து, மார்பு அகன்று, தோளிலிருந்து கீழே மெலிந்துகொண்டே போகும் உடம்பு. அவருடைய மகள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவாள். குளிருக்குப் போட்டிருக்கும் மேலங்கியின் கழுத்தில் இரண்டு நாடாக்கள் தொங்கும் அல்லவா, அதில் வலப்பக்கத்து நாடாவைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே லேசாகப் பிடித்துக்கொண்டு உட்காருவார். இருபது நிமிடம் ஒரு அசைவு இருக்காது. நான் கண்ணைத் திறந்து பார்த்ததால் தெரியும். கண்ணைத் திறக்கக் கூடாது என்பது விதி. அசையாமல் உட்காருவதில் அந்த அறையில் அவருக்கு இணையாக ஒருவரும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

எல்லோரும் பெயரை எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் தேநீர் வேளையில் என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கனின்னு முடியுதுல்லா, நம்ம பக்கத்துப் பேரு. அண்ணாச்சி தூத்துக்குடியா?"

தான் திரேஸ்புரம், சங்கு குளிக்கிற வீடு என்று அவராகவே சொன்னார். தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து திரேஸ்புரம் சைக்கிளில் பத்து நிமிடம்.

"திருநெல்வேலி" என்றேன் நான்.

இது பொய் ஆகாது. நான் பிறந்தபோது மாவட்டம் பிரிக்கப்படவில்லை. என் பிறப்புச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் இருக்கிறது. யாராவது கேட்டால் காட்டலாம் என்று அந்த நிமிடத்திலேயே எனக்குத் தோன்றியது. அவர் எதையும் காட்டச் சொல்லவில்லை. "அப்பம் பக்கந்தான்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தார்.

சங்குக் காலத்தில் திரேஸ்புரத்து ஆட்கள் நம் அலுவலகத்துக்குக் கூட்டமாக மனு கொண்டுவருவார்கள். சங்கின் சதையை அழுக விட்டுக் கழுவுகிற வாடை அவர்கள் சட்டையில் இருக்கும். நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பேசுவேன். மிக்கேலின் மேலங்கியில் இந்த ஊர்ச் சலவைத்தூள் மணம் மட்டுமே இருந்தது. அப்படியும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன்.

அதன் பிறகு ஏழெட்டு வாரம் அவர் என்னோடு தமிழில் பேசுவார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும், பேச வராது. ஊரில் மழை உண்டா என்பார். ஐ ஹேவ் நோ ஐடியா என்பேன். காலையில்தான் இணையத்தில் தூத்துக்குடிச் செய்தி முழுவதையும் படித்திருப்பேன்.

4

மாதக் கடைசி வியாழனில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச வேண்டும். இந்த மாதம் எதைக் கவனித்தீர்கள் என்று ஜூடித் கேட்பார். மிக்கேல் முறை வரும்போதெல்லாம் "குட், குட்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். அன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. என்னைப் பார்த்து, தான் தமிழில் சொன்னால் நான் எடுத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஜூடித்துக்குப் பெரிய மகிழ்ச்சி. நான் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி வந்ததால், எனக்கும் அவருக்கும் பொது மொழி இருப்பதே அன்றுதான் அந்த வட்டத்துக்குத் தெரிந்தது. ஒன்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையாட்டினேன்.

அவர் சொன்னது இது. இப்போது முழுவதையும் எழுதுகிறேன்.

"அந்தம்மா சொல்லுதது எங்க தொழில்ல உள்ளதுதான் அண்ணாச்சி. சங்கு எடுக்க இறங்குதவனுக்கு, அவன் பொண்டாட்டிகூடப் பொறந்தவந்தான் மேல இருந்து கயிறு பிடிக்கணும். எங்க வீட்டுல அதுதான் வழக்கம். தங்கச்சி தாலி இவன் கையிலல்லா கெடக்கு, கண்ண எடுக்கமாட்டான்னு. நான் எங்க இன்னாசி மச்சானுக்குப் பிடிச்சேன், ஏழு வருசம். கயிறு அசைஞ்சா இழுக்கணும். அவ்வளவுதான் வேல. எதுக்கு அசையுதுன்னு யோசிக்கப்பிடாது. மச்சான் வெளையாட்டுக்காரன். கீழ இருந்து சும்மா சுண்டி விடுவான். நான் பதறி இழுப்பேன். மேல வந்து சிரிப்பான். அன்னைக்கும் சுண்டுனான். வெளையாடுதான்னு நெனச்சேன். ஒரு பீடி பத்தவைக்கிற நேரம் இருக்கும். பெறவு இழுத்தேன்."

நிறுத்தினார். அழவில்லை. குரல்கூட மாறவில்லை. விரல்கள் நாடாவைப் பிடித்தபடியே இருந்தன.

"தங்கச்சி எங்கூடத்தான் இருந்தா, கடைசிவரைக்கும். என்ன நடந்துச்சுன்னு ஒருநாளும் கேக்கல. நானும் சொல்லல. போன வருசம் அவளும் போய்ச் சேந்துட்டா. வெளையாடுதான்னு நெனச்சத நான் இதுவரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல. இங்கன வந்துதான் சொல்லுதேன். இத அவங்களுக்குச் சொல்லுங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

நான் சொன்னது இது: "இவர் மீன்பிடித் தொழிலில் இருந்தவர். இந்தப் பயிற்சி தம் பழைய வேலையை நினைவூட்டுவதாகச் சொல்கிறார்."

நம் அலுவலகத்தில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த திறமை இதுதான். நாலு பக்கம் நுணுக்கி எழுதிய மனுவை ஒன்றரை வரியாக்கி மேலே அனுப்புவேன். மனுதாரர் தம் குடும்ப நிலையைக் கருதிப் பரிசீலிக்கக் கோருகிறார், புதிய காரணம் ஏதும் காட்டப்படவில்லை. அதிகாரிகள் பாராட்டுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வகுப்பே எடுத்திருக்கிறேன்: விஷயத்தை எடு, மனுஷனை விடு. உங்களில் சிலர் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதைப் பிறகு பல வியாழக்கிழமைகளில் கண்ணை மூடிப் பார்த்திருக்கிறேன். நேரம் மீறிவிட்டது என்று நினைத்தேன். பீடி என்கிறாரே, அதை இவர்களுக்கு எப்படி விளக்குவது என்று நினைத்தேன். இதை முழுவதும் சொன்னால், என்னையும் அந்தப் படகில் உட்கார வைத்துப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். மூன்றாவதுதான் காரணம். முதல் இரண்டும் கோப்புக்காக.

வட்டத்தில் எல்லோரும் புன்னகை செய்தார்கள். ஜூடித் நெஞ்சில் கைவைத்து, "லவ்லி" என்றார்.

மிக்கேல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் புன்னகைகளை அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அவ்வளவுதானா அண்ணாச்சி? கயிறுன்னு சொன்னீங்களா?"

"எல்லாம் சொல்லியாச்சு" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான்.

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அடுத்தவர் தம் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மிக்கேலின் கை நாடாவை விட்டு மடியில் கிடந்தது.

5

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. காலியாக இருந்த நாற்காலியை மடித்துச் சுவரோரம் வைத்தேன், விதி இரண்டின்படி. மனசு லேசாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இனி யாரும் என்னிடம் ஊர் கேட்க மாட்டார்கள்.

அப்படியே இருந்திருப்பேன். என் மனைவியின் நினைவுநாள் வந்தது.

எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாம்பார், இரண்டு பொரியல், பாயசம். மருமகன் இந்த நாட்டுக்காரர், நல்ல மனிதர், வெறுங்கையால் பிசைந்து சாப்பிடப் பழகிக்கொண்டவர். பேத்தி யாழினிக்குப் பதினான்கு வயது. நாங்கள் ஆசையாய்த் தேடி வைத்த பெயர். அவளுடைய தோழிகள் அதை 'யாஸ்' ஆக்கிவிட்டார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள். தமிழில் அவளுக்குச் சாப்பாட்டுப் பெயர்கள் தெரியும். அன்று எனக்குப் பேச வேண்டும் போல் இருந்தது. கல்யாணம் முடிந்து ஸ்ரீவைகுண்டத்திலிருந்து என் மனைவியைக் கூட்டி வந்த நாளைச் சொன்னேன். ஆற்றில் வெள்ளம். பாலத்துக்கு முன்னால் பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் முடியாது என்று சொல்லிவிட்டார். நான் அடுத்து என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று முறைப்படி யோசித்துக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் பாலத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னால் பெட்டியோடு ஓடினேன். பாதிப் பாலத்தில் திரும்பிப் பார்த்து, "வாறீயளா, இல்ல நான் போயி உங்க வீட்டுல ஆரத்தி எடுத்துக்கிடட்டுமா" என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. இத்தனை வருடத்தில் நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

யாழினி தன் தாயைப் பார்த்து, தாத்தா என்ன சொன்னார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கவிதா அப்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டே, "பாட்டி ஊரில் அப்போது மழை அதிகமாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஓ, ஓகே" என்றாள் பேத்தி. மருமகன் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்து, "லவ்லி" என்றார்.

என் மகளை நான் குறை சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து, வேலைக்கும் போய் வந்து, அத்தனையும் சமைத்தவள். சுருக்கிச் சொல்வதை அவள் எங்கிருந்து கற்றிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், விஷயத்தைச் சொல்லு என்று குறுக்கிட்டு வளர்த்தவன் நான்தான்.

"அவ்வளவுதானா?" என்று என் வாய்க்குள் வந்தது. வந்த பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று தெரிந்தது. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்கு அம்மா நினைப்பு என்று எண்ணிக் கவிதா எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

6

அந்த வியாழன் வகுப்பு முடிந்ததும் ஜூடித்திடம் சொன்னேன். மிக்கேல் பேசியதை நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை, பெரும்பகுதியை விட்டுவிட்டேன், எல்லாம் சொன்னதாக அவரிடம் பொய்யும் சொன்னேன் என்றேன். ஜூடித் கோப்பையைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவர் அப்படி என்னதான் சொன்னார் என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்ததும், என்ன நினைத்தாரோ, கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். வேண்டாம், அது அவருடையது, முதலில் அவரிடம் கேளுங்கள் என்றார்.

முகவரி வேண்டும். தனிநபர் விவரங்களைத் தர முடியாது என்று கூடத்தின் அலுவலகப் பெண் தன்மையாகச் சொன்னாள். உறையிலிட்ட கடிதமாகக் கொடுத்தால், அதற்கென ஒரு படிவம் உண்டு, அதோடு சேர்த்து அனுப்பிவைப்பார்கள். போய்ச் சேர்ந்ததா, வாங்கினாரா என்பதெல்லாம் தெரிவிக்கப்பட மாட்டாது. படிவத்தின் மீது நடவடிக்கைக்கு இருபது வேலை நாட்கள். குறை சொல்ல இடமில்லாத நடைமுறை. நானே எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக எழுதியிருக்க மாட்டேன். படிவத்தில், கடிதத்தின் பொருள் என்ற இடத்தில் நான்கு வார்த்தைக்குத்தான் கட்டம் இருந்தது. "தவறாகச் சொன்னதைத் திருத்த" என்று எழுதினேன். மூன்றே வார்த்தை. பழக்கம்.

கடிதத்தை எழுத ஒன்பது நாள் பிடித்தது. முதல் வரைவில் "வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று இருந்தது. அது எத்தனை ஆயிரம் கடிதங்களில் நான் போட்ட முத்திரை என்று நினைத்துக் கிழித்தேன். இரண்டாவதில் என் சூழ்நிலையை விளக்கியிருந்தேன். அதையும் கிழித்தேன். கடைசியில் நின்றது ஐந்து வரி. நான் தூத்துக்குடிக்காரன். திருநெல்வேலி என்று சொன்னது உங்களைத் தள்ளி வைப்பதற்காக. நீங்கள் கேட்டபோது எல்லாம் சொல்லியாச்சு என்றது பொய். நீங்கள் சொன்னதை இத்துடன் முழுவதும் எழுதியிருக்கிறேன். நீங்கள் சம்மதித்தால் வகுப்பில் வாசிக்கிறேன், பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் அவர் பேசிய தமிழையும் வலப்பக்கம் என் ஆங்கிலத்தையும் எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவு இருந்தது. அதுதான் பெரிய அவமானம். காது அத்தனையையும் வாங்கி வைத்திருக்கிறது. வெளியே விடும் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். பீடிக்கு ஆங்கிலத்தில் பீடி என்றே எழுதினேன். ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

"யார்ட்டயும் சொன்னதில்ல. இங்கன வந்துதான் சொல்லுதேன்" என்று அது முடிகிறது. ஆங்கிலத்தில் படித்துப் பார்த்தபோது மொட்டையாக நின்றது. நாளைக்கு அந்த வட்டத்தில் ஒரு கிழவனின் தலைமேல் இதை இப்படியே வைத்துவிட்டு நான் உட்கார்ந்துகொள்வதா என்று இருந்தது. ஆகவே இரண்டு பக்கமும் கடைசியில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "அது யாருடைய தவறும் இல்லை." எழுதிய பிறகு எனக்கே ஆறுதலாக இருந்தது. ஒட்டிக் கொடுத்தேன்.

7

இருபது வேலை நாள் கழித்து, படிவத்தின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு மாதம். இரண்டு மாதம்.

இங்கே தபால் பெட்டி வீட்டு வாசலில், தெருவைப் பார்த்து, ஒரு கம்பத்தின் மேல் இருக்கிறது. தபால்காரர் வந்து போன பிறகு நான் இரண்டு முறை போய்த் திறந்து பார்ப்பேன். கவிதா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த ஆபீஸிலிருந்து எதிர்பார்க்கிறீர்கள் அப்பா, இப்போது யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்டாள். அவளிடம் முழுவதும் சொன்னேன். பாதியில் குறுக்கிடுவாள் என்று நினைத்தேன், குறுக்கிடவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்குப் பாலத்துல அம்மா சொன்னத யாஸ்கிட்ட நான் சரியாச் சொல்லலைல்லாப்பா" என்றாள். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பேத்தி என் அறை வாசலில் வந்து நின்று, பாட்டியின் செருப்பு என்ன நிறம் என்று கேட்டாள். நினைவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

நம் அலுவலகத்து வராந்தாவில் காத்து நின்றவர்களைக் கடிதப் பெட்டியருகே அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பதில் வந்துட்டா சார் என்று கேட்பார்கள். வந்தால் தெரிவிக்கப்படும் என்பேன், நிமிர்ந்து பார்க்காமல். அவர்களில் மிக்கேல் ஒருவராக இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும் எனக்கு முகம் தெரியாது. நான் மனுவைத்தான் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமைகளில் போய் உட்காருகிறேன். இப்போது தரைவிரிப்புக் கறை கண்ணில் படுவதில்லை. கண்ணை மூடியதும் அந்தக் கேள்விதான் வருகிறது, கயிறுன்னு சொன்னீங்களா என்று. வந்தது என்று தெரிந்துகொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது என்றும் தெரிந்துகொள்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன். பத்து மூச்சில் ஒரு மூச்சுக்கு அது முடிகிறது. ஒருநாள் என் விரல்கள் என் மேலங்கியின் நாடாவைப் பிடித்திருப்பதைக் கவனித்தேன். விட்டுவிட்டேன். அது அவருடைய கயிறு.

இந்த இடம் வரை எழுதி வைத்து, மலருக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உறை வந்தது. மேலே என் பெயரும் முகவரியும் யாரோ இளையவர் கையில் எழுதியிருந்தன. மகளாக இருக்கும். உள்ளே கடிதம் என்று எதுவும் இல்லை. நான் அனுப்பிய தாள்தான் இருந்தது, நான் மடித்த மடிப்பிலேயே.

தமிழ்ப் பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட அவர் தொடவில்லை. ஆங்கிலப் பக்கத்திலும் இல்லை. கடைசி வாக்கியத்தின் மேல் மட்டும், இரண்டு பக்கமும், நீலப் பேனாவால் ஒரு கோடு. அழுத்தி அடித்ததாக இல்லை. நிதானமான, நேரான ஒற்றைக் கோடு. பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்:

"இது நான் சொல்லல அண்ணாச்சி. மத்ததெல்லாம் சரி. வாசிங்க."

வந்த தபாலின் மேல்மூலையில் தேதியைப் போட்டு, அதற்குக் கீழே என் குறிப்பை எழுதுவது நாற்பது வருடப் பழக்கம். மேசையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். தேதியை மட்டும் போட்டேன். வகுப்புக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

பெறப்பட்டது: ஆகஸ்டு 18, திங்கட்கிழமை.